ஐந்தே கால் வீதம்: மணி மார்க்கெட் கணக்கு பிறந்த கதை

2023 இன் கடைசியில் நியூஜேர்சியில் இருக்கிற பெரியம்மாவின் மகன் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார். "ஏழு வருசமா சேவிங்ஸில கிடந்த காசு. வட்டி எண்டு வந்ததைப் பாத்தா ஒரு பீட்சா வாங்கவும் காணாது. வேலையில ஒருத்தர் மணி மார்க்கெட்டில போடு எண்டுறார். நீ எக்கொனமிக்ஸ் படிச்சனீ தானே, அது என்ன சாமான்?"

உயர்தரத்தில் பொருளியல் படித்தது உண்மைதான். பாஸ் பண்ணியதும் உண்மை. ஆனால் 'பணச் சந்தை' என்ற தலைப்பில் எனக்கு ஞாபகம் இருந்தது ஒரு வரைவிலக்கணம் மட்டும். குறுங்காலக் கடன்கள் கொடுத்து வாங்கப்படும் சந்தை. அதை அண்ணாவுக்குச் சொன்னால் சிரிப்பார். சரி, கொஞ்சம் வாசித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். வாசிக்கத் தொடங்கி 1933 ஆம் ஆண்டில் போய் நின்றேன். ஒரு வங்கிக் கணக்கின் வரலாற்றில் இவ்வளவு சண்டை இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

முதலில் இந்தச் சந்தை. கட்டடமோ கடையோ இல்லாத சந்தை இது. அரசாங்கத்துக்கு மூன்று மாதத்துக்குக் காசு தேவை. ஒரு பெரிய கொம்பனிக்கு அடுத்த மாதச் சம்பளம் கொடுக்க முப்பது நாளைக்குக் காசு தேவை. இன்னொரு பக்கம் ஒரு காப்புறுதிக் கொம்பனியிடம் கொஞ்ச நாளைக்கு வேலையில்லாமல் காசு கிடக்கிறது. இவர்கள் ஒருவருக்கொருவர் கொடுக்கும் கடன்தான் பணச் சந்தை. அரசாங்கம் கொடுக்கும் கடன் சீட்டுக்கு எங்கள் பாடப்புத்தகத்தில் திறைசேரி உண்டியல் என்று பெயர். (முதன்முதலில் அதை வாசித்தபோது அரசாங்கம் தெருவில் உண்டியல் குலுக்குகிற படம்தான் மனதில் வந்தது.) அதில் வட்டி என்று தனியாக எதுவும் எழுதியிருக்காது. 10,000 டொலர் உண்டியலை இன்றைக்கு 9,800 கொடுத்து வாங்குவீர்கள், மூன்று மாதம் கழித்து அரசாங்கம் 10,000 தரும். நடுவில் இருக்கும் 200 டொலர்தான் உங்கள் வட்டி. கொம்பனிகள் கொடுக்கும் இதே மாதிரியான சீட்டு வர்த்தகப் பத்திரம்.

இந்தச் சந்தையில் வட்டி நாளாந்தம் ஏறும், இறங்கும். பணவீக்கம் ஏறினால் கடன் கொடுப்பவர் கூட வட்டி கேட்பார், கிடைக்கும். ஆனால் இது பெரிய காசுக்காரரின் இடம். அமெரிக்காவில் சாதாரண ஆட்களின் காசு இருந்தது வேறு இடத்தில், வங்கிச் சேமிப்புப் புத்தகத்தில். அங்கே வட்டியைத் தீர்மானித்தது சந்தை அல்ல, ஒரு சட்டம்.

1930களின் பெருமந்தத்தில் ஆயிரக்கணக்கான அமெரிக்க வங்கிகள் மூடப்பட்டன. ஏன் இப்படி நடந்தது என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த விடைகளில் ஒன்று, வட்டிப் போட்டி. வைப்பாளர்களை இழுக்க வங்கிகள் ஒன்றையொன்று முந்திக் கூடிய வட்டி கொடுத்தன, அந்த வட்டியைச் சம்பாதிக்க ஆபத்தான இடங்களில் கடன் கொடுத்தன, கடன் திரும்பி வரவில்லை, வங்கி விழுந்தது. இது எவ்வளவுக்குச் சரி என்பதில் பொருளியலாளர்களுக்குள் பின்னாளில் பெரிய சந்தேகம் எழுந்தது. ஆனால் 1933 இல் அது நம்பக்கூடிய விளக்கமாக இருந்தது. அந்த ஆண்டின் வங்கிச் சட்டம் இரண்டு வேலை செய்தது. ஒன்று, வைப்புக் காப்புறுதி. வங்கி விழுந்தாலும் ஒரு எல்லை வரை உங்கள் காசு பத்திரம். மற்றது, நடைமுறைக் கணக்குக்கு வட்டியே கொடுக்கக்கூடாது, சேமிப்புக் கணக்குக்கு மத்திய வங்கி சொல்லும் உச்சத்துக்கு மேல் கொடுக்கக்கூடாது. இந்த இரண்டாவதை நடைமுறைப்படுத்திய விதிக்கு 'ரெகுலேஷன் கியூ' என்று பெயர். ஆங்கில எழுத்து வரிசையில் அந்த விதிக்கு வந்த எழுத்து கியூ, அவ்வளவுதான்.

முப்பது வருசம் இந்த உச்சம் யாரையும் பெரிதாக உறுத்தவில்லை. சந்தை வட்டியே குறைவாக இருந்தது. அதிக வட்டி கொடுத்துப் போட்டி போட முடியாத வங்கிகள் வேறு வழியில் போட்டி போட்டன. புதுக் கணக்குத் திறந்தால் டோஸ்டர், போர்வை, கோப்பை பீங்கான். அந்தக் காலத்து அமெரிக்கர்களிடம் வங்கி என்றதும் டோஸ்டர் ஞாபகம் வருவது இதனால்தான். இதைப் பகிடியாகச் சொல்வார்கள். எனக்கு அது பகிடியாகத் தெரியவில்லை. வட்டியாக வரவேண்டிய காசு பாணைச் சுடும் மெஷினாக வந்தது, அதுவும் ஒரே ஒரு தடவை.

1960களின் நடுப்பகுதியிலிருந்து வியட்நாம் யுத்தச் செலவும் உள்நாட்டுச் செலவும் சேர்ந்து விலைகளை ஏற்றத் தொடங்கின. சந்தை வட்டி உச்சத்தைத் தாண்டியது. 1966 இல், உச்சத்தை எடுப்பதற்குப் பதிலாக, அதுவரை அதற்கு வெளியே இருந்த சேமிப்பு, வீட்டுக்கடன் நிறுவனங்களுக்கும் அதை நீட்டினார்கள். காரணம் வீடுகள். அந்த நிறுவனங்கள் சனத்தின் குறுங்காலச் சேமிப்பை வாங்கி 30 வருச வீட்டுக்கடனாகக் கொடுத்தன. சேமிப்புக்கு மலிவான வட்டி கொடுத்தால்தான் வீட்டுக்கடன் மலிவாக இருக்கும். அதாவது, வீடு வாங்கும் குடும்பத்துக்கான மானியத்தைச் சேமிப்புப் புத்தகம் வைத்திருக்கும் கிழவி கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை.

1970 இன் தொடக்கத்தில் மூன்று மாதத் திறைசேரி உண்டியலுக்குக் கிட்டத்தட்ட 8 வீத வட்டி. வங்கிச் சேமிப்புப் புத்தகத்துக்கு 4.5. அப்போது 1,000 டொலருக்கும் உண்டியல் வாங்கலாம். சாதாரண சனம் கணக்குப் பார்க்கத் தெரியாதவர்கள் அல்லவே. வங்கியிலிருந்து காசை எடுத்து உண்டியல் வாங்கத் தொடங்கினார்கள். அரசாங்கம் என்ன செய்தது தெரியுமா? உண்டியலின் ஆகக் குறைந்த தொகையை 1,000 இலிருந்து 10,000 டொலராக உயர்த்தியது. சின்னச் சேமிப்பாளருக்குக் கதவு பூட்டு. அதே 1970 இல் 100,000 டொலருக்கு மேற்பட்ட பெரிய குறுங்கால வைப்புகளுக்கு உச்சத்தை எடுத்துவிட்டார்கள். இலட்சம் டொலர் வைத்திருந்தவருக்குச் சந்தை வட்டி, பத்தாயிரம் வைத்திருந்தவருக்கு உண்டியல், ஆயிரம் வைத்திருந்தவருக்கு டோஸ்டர்.

இதன் விலையைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1970 இல் ஒருவர் 1,000 டொலரைச் சேமிப்புப் புத்தகத்தில் போட்டு மறந்துவிட்டார் என்று வைப்போம். வட்டியைச் சராசரியாக 5 வீதம் என்று எடுப்போம், அதுவே கொஞ்சம் தாராளம். வட்டிக்கு வட்டி சேர்ந்து பத்து வருசத்தில் அது 1,629 டொலராகியிருக்கும். புத்தகத்தைப் பார்த்தால் சந்தோசம்தான். ஆனால் அதே பத்து வருசத்தில் அமெரிக்காவில் விலைகள் இரண்டு மடங்குக்கு மேலே போய்விட்டன. 1980 இன் 1,629 டொலரால் வாங்கக்கூடியது, 1970 இல் ஏறத்தாழ 770 டொலர் வாங்கிய அளவுதான். பத்து வருசம் சேமித்து நாலில் ஒரு பங்கை இழந்திருக்கிறார். இதற்குமேல், அந்த வட்டி 'வருமானம்' என்று சொல்லி அதற்கு வருமான வரியும் கட்டியிருப்பார்.

பூட்டிய கதவுக்குப் பக்கத்தில் ஒரு யன்னல் இருந்ததைக் கண்டவர்கள் புரூஸ் பென்ட், ஹென்றி பிரவுன் என்ற இரண்டு பேர். ஆசிரியர்களின் ஓய்வூதியக் காசை நிர்வகிக்கும் ஒரு பெரிய நிறுவனத்தில் வேலை செய்தவர்கள், வெளியே வந்து நியூயோர்க்கில் சின்னதாக ஒரு தொழில் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் கண்டது இதுதான். உச்சம் இருப்பது வங்கி கொடுக்கும் வட்டிக்கு. மியூச்சுவல் ஃபண்ட் ஒன்று கொடுப்பது வட்டி அல்ல, பங்கிலாபம். அப்படியென்றால் பல பேரின் சின்னக் காசை ஒரு ஃபண்டில் சேர்த்து, அந்தப் பெரிய தொகையைக் கொண்டு பெரிய வைப்புகளையும் உண்டியல்களையும் வாங்கி, கிடைப்பதை எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்தால்? ஊரில் சீட்டுப் பிடிப்பவர்களுக்கு இந்த யோசனை புதிதல்ல. தனியாக முடியாததைக் கூட்டாகச் செய்வது. ஆனால் இங்கே யாரும் கழிவு கூறவில்லை, முறைக்குக் காத்திருக்கவுமில்லை. ஒரு பங்கு ஒரு டொலர், நினைத்த நேரம் எடுக்கலாம்.

1971 இல் தொடங்கிய அவர்களது ஃபண்டுக்கு ரிசர்வ் ஃபண்ட் என்று பெயர். பெடரல் ரிசர்வ் எனப்படும் அமெரிக்க மத்திய வங்கிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, பெயர் மட்டும்தான் கிட்ட. ஆரம்பத்தில் கொம்பனி கடனில்தான் ஓடியது. 1973 ஜனவரியில் நியூயோர்க் டைம்ஸ் அதைப் பற்றி ஒரு கட்டுரை போட்டது. அடுத்த நாள் தொலைபேசி ஓயவில்லை. கலிபோர்னியாவில் ஜேம்ஸ் பென்ஹாம் என்பவர் அரச கடன் சீட்டுகளை மட்டும் வாங்கும் ஒரு ஃபண்டைக் கிட்டத்தட்ட அதே காலத்தில் தொடங்கியிருந்தார். பிறகு ஃபிடெலிட்டி நிறுவனம் தன் ஃபண்டிலிருந்து காசோலை எழுதும் வசதியைக் கொடுத்தது. காசோலை எழுதலாம், சந்தை வட்டியும் வரும் என்றால் வங்கிக்கு எதற்குப் போவது?

1979 ஓகஸ்டில் போல் வோல்கர் மத்திய வங்கித் தலைவரானார். பணவீக்கத்தை எந்த விலை கொடுத்தாவது அடக்குவது என்று வட்டியை ஏறவிட்டார். 1981 இல் திறைசேரி உண்டியல் 15 வீதத்தைத் தாண்டியது. வங்கிச் சேமிப்புக் கணக்கின் உச்சம் அப்போதும் 5.25 தான். ஐந்தே கால். இந்த இலக்கத்தை ஞாபகம் வைத்திருங்கள், பின்னுக்குத் தேவைப்படும். இந்த வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு யார்தான் வங்கியில் இருப்பார்கள்? 1977 இல் ஒருசில பில்லியன் டொலர்களே இருந்த மணி மார்க்கெட் ஃபண்டுகளில் 1982 இல் 200 பில்லியனுக்கு மேல் இருந்தது. நடுவில் 1980 இல் காட்டர் அரசு இந்த ஃபண்டுகளுக்கு வரும் புதுக் காசில் 15 வீதத்தை மத்திய வங்கியில் வட்டியில்லாமல் வைக்கவேண்டும் என்று ஒரு கட்டுப்பாடு போட்டுப் பார்த்தது. சில மாதங்களில் கைவிட்டது.

இவ்வளவும் ஃபண்டின் கதை. அண்ணா கேட்டது கணக்கைப் பற்றி. அது இங்கேதான் வருகிறது.

காசு ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த வங்கிகள் வொஷிங்டனில் போய் நின்றன. 1980 இல் வந்த சட்டம் வட்டி உச்சங்களை ஆறு வருசத்தில் படிப்படியாக எடுக்கச் சொன்னது. ஆறு வருசம் காத்திருக்க முடியாது. 1982 ஒக்டோபர் 15 அன்று ஜனாதிபதி ரேகன் கார்ன் - செயின்ட் ஜெர்மெயின் சட்டத்தில் கையெழுத்திட்டார். யூட்டா செனட்டர் ஒருவரதும் ரோட் ஐலண்ட் பிரதிநிதி ஒருவரதும் பெயர்கள் சேர்ந்தது அது. மணி மார்க்கெட் ஃபண்டுக்கு நேருக்கு நேர் நின்று போட்டி போடக்கூடிய ஒரு கணக்கை வங்கிகளுக்குக் கொடு என்று அந்தச் சட்டம் கேட்டது. அப்படிப் பிறந்ததுதான் மணி மார்க்கெட் டிபோசிட் எக்கவுண்ட், பணச் சந்தை வைப்புக் கணக்கு. பிறந்த திகதி 1982 டிசெம்பர் 14.

இந்தக் கணக்குக்கு வட்டி உச்சம் இல்லை. ஆனால் ஆகக் குறைந்தது 2,500 டொலர் இருக்கவேண்டும். மாதத்துக்கு ஆறு மாற்றல்கள்தான், அதில் காசோலை மூன்று. நேரே போய்ப் பணமாக எடுப்பதற்கு எல்லை இல்லை. ஃபண்டில் இல்லாத ஒன்று இதில் இருந்தது: வைப்புக் காப்புறுதி, அப்போது 100,000 டொலர் வரை. வங்கிகள் டோஸ்டரை எறிந்துவிட்டு வட்டியாலேயே அடிபட்டன. சந்தை வட்டியைவிட மிகக் கூடிய அறிமுக வட்டி கொடுத்து ஆட்களை இழுத்தார்கள். சில மாதங்களில் இந்தக் கணக்குகளில் 300 பில்லியனுக்கு மேல் சேர்ந்தது. ஃபண்டுகள் பத்து வருசத்தில் சேர்த்ததைவிடக் கூட. 1986 இல் ஆகக் குறைந்த தொகை நிபந்தனையும் போய், சேமிப்புக் கணக்குகளின் உச்சமும் போனது. 1933 இன் விதி அத்துடன் அநேகமாக முடிந்தது. நடைமுறைக் கணக்குக்கு வட்டி கொடுக்கக்கூடாது என்ற மிச்சம் மட்டும் 2011 வரை உயிரோடு இருந்தது. மாதத்துக்கு ஆறு என்ற எல்லையை 2020 ஏப்ரலில், கொரோனாக் காலத்தில் எடுத்தார்கள். ஆனால் வங்கிகள் விரும்பினால் தாங்களாகவே அதை வைத்திருக்கலாம், சில வைத்திருக்கின்றன.

பெயர்தான் ஆட்களைக் குழப்புகிறது, அண்ணாவையும் சேர்த்து. பெயரில் சந்தை இருந்தாலும் கணக்கில் போட்ட காசு சந்தைக்குப் போகவேண்டும் என்று இல்லை. அது வங்கியின் வைப்பு. வங்கி அதைக் கொண்டு வீட்டுக்கடன் கொடுக்கலாம், அரச பத்திரம் வாங்கலாம், என்னவும் செய்யலாம். உங்களுக்கு எவ்வளவு வட்டி என்பதை வங்கிதான் தீர்மானிக்கிறது, எப்போதும் மாற்றலாம். ஃபண்ட் என்றால் உண்டியலிலும் வர்த்தகப் பத்திரத்திலும் உழைத்ததில் தன் கட்டணத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தை அப்படியே தரும். முன்னதில் காப்புறுதி உண்டு, சந்தை வட்டி முழுதாக வரும் என்ற உறுதி இல்லை. பின்னதில் நேரெதிர்.

காசு வளரும் விதம் இரண்டிலும் ஒன்றுதான். 10,000 டொலருக்கு 4 வீதம் என்று வைப்போம். வருசத்துக்கு ஒருமுறை வட்டி சேர்த்தால் 400. நாளாந்தம் சேர்த்தால், அதாவது இன்றைய வட்டிக்கு நாளையிலிருந்து வட்டி என்றால், வருச முடிவில் 408. எட்டு டொலர்தானே? ஆம், எட்டு டொலர்தான். கூட்டுவட்டியின் வேலை அங்கே இல்லை, காலத்தில் இருக்கிறது. பத்து வருசத்தில், வருசாந்தக் கூட்டலோடு, அது 14,802 ஆகும், இருபது வருசத்தில் 21,911. முதல் பத்து வருசத்தில் 4,802 சேர, இரண்டாவது பத்தில் ஒரு சதமும் போடாமல் 7,109 சேர்கிறது. இதே 10,000 டொலர் 0.45 வீதச் சேமிப்புக் கணக்கில் கிடந்தால் பத்து வருசத்தில் 10,459. அமெரிக்க வங்கிகள் எந்தக் கணக்கிலும் கூட்டுவட்டி சேர்த்து வரும் வருச வீதத்தைச் சொல்லவேண்டும் என்று 1991 இல் ஒரு சட்டம் வந்ததால், விளம்பரத்தில் பார்க்கவேண்டிய இலக்கம் அதுதான்.

இந்த மாதிரிக் கணக்கில் ஒரு பொய் இருக்கிறது. இருபது வருசமும் 4 வீதம் என்று எழுதிவிட்டோம். இந்தக் கணக்கில் வட்டி அப்படி நிற்காது. 2008 டிசெம்பரிலிருந்து 2015 டிசெம்பர் வரை மத்திய வங்கியின் வீதம் பூச்சியத்தோடு ஒட்டிக் கிடந்தது. அந்த ஏழு வருசமும் மணி மார்க்கெட் கணக்கு வைத்திருந்தவருக்குச் சாதாரண சேமிப்புக் கணக்கோடு பெரிய வித்தியாசம் இல்லை. இன்னொன்று, குறைந்த மீதி. சட்டம் 2,500 ஐ எடுத்துவிட்டாலும் வங்கிகள் தங்கள் பாட்டில் ஒரு தொகை கேட்கும், அதற்குக் கீழே போனால் மாதக் கட்டணம். மாதம் 10 டொலர் என்றால் வருசத்துக்கு 120. கணக்கில் 2,000 டொலர், வட்டி 4 வீதம் என்றால் வருவது 80. கணக்கு வளரவில்லை, கரைகிறது.

சின்னச் சேமிப்பாளர் வென்ற கதையாக இதை முடிக்க ஆசைதான். ஆனால் அந்த 30 வருச வீட்டுக்கடன்கள் என்னாயின? சேமிப்பு, வீட்டுக்கடன் நிறுவனங்கள் 6, 7 வீதத்துக்குக் கொடுத்த பழைய கடன்கள் இன்னும் இருபது வருசம் அதே வீதத்தில் திரும்பி வந்துகொண்டிருந்தன. வைப்பாளருக்கோ சந்தை வட்டி கொடுக்கவேண்டும். வாங்கும் வட்டி குறைவு, கொடுக்கும் வட்டி கூட. ஓட்டையை அடைக்க அவர்களுக்குப் புது வியாபாரங்களில் இறங்க அனுமதி கொடுத்தார்கள், அதே 1982 சட்டத்தில். பலர் ஆபத்தான கட்டட நிலக் கடன்களில் விழுந்தார்கள், சிலர் வெளிப்படையாகவே களவெடுத்தார்கள். 1980களின் முடிவில் அந்தத் துறை சரிந்தபோது வைப்பாளரின் காசு காப்புறுதியில் பத்திரமாக இருந்தது. அதற்காக அமெரிக்க வரி கட்டுபவர்கள் கொடுத்தது சுமார் 124 பில்லியன் டொலர். 1933 இல் பயந்த அதே விசயம், வட்டிப் போட்டி ஆபத்தான கடனுக்குத் தள்ளும் என்பது, ஐம்பது வருசம் பிந்தி நடந்தது என்று சொல்லலாம். ஐம்பது வருசம் அணைகட்டித் தேக்கி ஒரே நாளில் திறந்ததால் வந்த வெள்ளம் என்றும் சொல்லலாம். நான் இரண்டாவது பக்கம். ஆனால் முதலாவது பக்கத்தில் நிற்பவர்களைப் பைத்தியம் என்று சொல்லமாட்டேன்.

ஃபண்டின் கதைக்கு இதைவிடக் கசப்பான ஒரு அத்தியாயம் உண்டு. ஒரு பங்கு ஒரு டொலர் என்பது சட்டத்தில் எழுதிய உத்தரவாதம் இல்லை, பழக்கம். ஆனால் சனம் அதை வங்கிக் காசாகவே நினைத்தது. புரூஸ் பென்ட் ஒரு காலத்தில் மற்ற ஃபண்டுகள் வர்த்தகப் பத்திரம் வாங்குவதைக் கடுமையாகத் திட்டியவர். கொஞ்சம் கூட வட்டிக்காக ஆபத்தை வாங்குகிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. பிறகு போட்டியில் அவரது ரிசர்வ் பிரைமரி ஃபண்டும் அதையே வாங்கத் தொடங்கியது. 2008 செப்டெம்பர் 15 அன்று லீமன் பிரதர்ஸ் வங்குரோத்தானபோது அந்த ஃபண்டின் கையில் லீமனின் கடன் சீட்டுகள் 785 மில்லியன் டொலருக்கு இருந்தன. 60 பில்லியனுக்கு மேற்பட்ட ஃபண்டில் அது நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. அடுத்த நாள் ஒரு டொலர்ப் பங்கின் பெறுமதி 97 சதம் என்று அறிவித்தார்கள். மூன்று சதம்தான். ஆனால் நாடு முழுக்க ஃபண்டுகளிலிருந்து காசு ஓடத் தொடங்கியது, சில நாட்களுக்குள் அமெரிக்கத் திறைசேரி வந்து ஃபண்டுகளுக்குத் தற்காலிக உத்தரவாதம் கொடுக்கவேண்டியிருந்தது. அமெரிக்காவின் முதல் மணி மார்க்கெட் ஃபண்டைத் தொடங்கியவரின் கையிலேயே ஒரு டொலர் உடைந்தது. முதலிட்டவர்களுக்குக் கடைசியில் டொலருக்கு 99 சதமளவில் திரும்பக் கிடைத்தது என்பதையும் சொல்லவேண்டும். அதற்கு வருசக் கணக்கில் காத்திருந்தார்கள்.

நாங்கள் இதையெல்லாம் அந்நிய நாட்டுக் கதை என்று வாசிக்க முடியாத ஒரு காரணம் இருக்கிறது. 2022 ஏப்ரல் 8 அன்று இலங்கை மத்திய வங்கி கொள்கை வட்டிவீதங்களை ஒரே நாளில் 7 வீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அந்த வருசம் திறைசேரி உண்டியல் 30 வீதமளவுக்குப் போனது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதம். எங்கள் வீடுகளில் சேமிப்புப் புத்தகத்தில் காசு வைத்திருந்தவர்கள் என்ன வட்டி பெற்றார்கள் என்று ஒருக்கால் கேட்டுப் பாருங்கள். இங்கே உண்டியல் வாங்கத் தெரிந்தவர் வாங்கினார். பணச் சந்தை நிதியங்கள் இங்கேயும் இருக்கின்றன, அவற்றைத் தெரிந்தவர் போட்டார். தெரியாதவரின் புத்தகத்தில் 1970களின் அந்த அமெரிக்கக் கிழவியின் கணக்கு அப்படியே நடந்தது, பத்து வருசத்துக்குப் பதிலாகப் பத்து மாதத்தில். இங்கே கதவைப் பூட்டியது சட்டமில்லை என்பது மட்டும் வித்தியாசம்.

அமெரிக்காவிலும் இப்போது சட்டம் இல்லை. 2022 மார்ச்சில் ஏறத் தொடங்கிய மத்திய வங்கி வீதம் 2023 ஜூலையில் 5.25 இலிருந்து 5.50 வீதம் வரையான மட்டத்துக்கு வந்தது. ஐந்தே கால்! ஒரு காலத்தில் சட்டம் போட்ட உச்சத்தின் அதே இலக்கம், அப்போது சந்தையின் அடித்தளமாக. அந்த நேரம் அமெரிக்க வங்கிகளின் சேமிப்புக் கணக்குச் சராசரி அரை வீதத்துக்கும் கீழே இருந்தது. யாரும் தடுக்கவில்லை, அவர்கள் கொடுக்கவில்லை. கொடுக்காவிட்டாலும் வாடிக்கையாளர் அசையமாட்டார் என்று வங்கிக்குத் தெரியும். பெரும்பாலானோர் அசையவில்லை. அசைந்தவர்களின் காசு சேர்ந்து மணி மார்க்கெட் ஃபண்டுகள் 2024 தொடக்கத்தில் 6 ட்ரில்லியன் டொலரைத் தொட்டன.

இதையெல்லாம் சுருக்கி அண்ணாவுக்கு மூன்று குரல் பதிவுகளாக அனுப்பினேன். அவர் ஏற்கெனவே ஓரிடத்தில் கணக்குத் திறக்கும் பக்கத்தில் நின்றிருக்கிறார், அதைப் படம் எடுத்து அனுப்பினார். மேலே கொட்டை எழுத்தில் மணி மார்க்கெட். கீழே சின்ன எழுத்தில் ஃபண்ட், வைப்புக் காப்புறுதி இல்லை.

"அப்ப இது பாங்க் இல்லையோ?"

"இல்லை அண்ணா. கூடாதெண்டில்லை. ஆனா இது வேற சாமான்."

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு கேட்டார், "ஏழு வருசத்துக்கு முதலே உன்னட்டக் கேட்டிருந்தா எவ்வளவு வந்திருக்கும்?"

அந்த ஏழு வருசத்தில் முதல் மூன்று வருசம் வீதம் மெல்ல ஏறி இறங்கியது, பிறகு இரண்டு வருசம் பூச்சியத்திலேயே கிடந்தது, எங்கே போட்டிருந்தாலும் வந்திருக்காது என்றேன். "கடைசி ஒண்டரை வருசத்துக்கு மட்டும் அழுங்கோ."